சாட்டு நாளில் ஒரு தீவு

அந்த அனுமதிக் கடிதத்தை வாங்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்ப என் கணவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எத்தனையோ வருடம் ஓடிவிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் விலங்கியல் டீச்சர். பிறந்து வளர்ந்ததும் அதே ஊர். வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம் என்பதால் தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரிகிற ஊர்களில் இருந்துகொண்டு, வருடா வருடம் கரும்பலகையில் கடலை வரைந்தேன். நட்சத்திர மீன், கடல் அட்டை, பவளத்தின் குறுக்குவெட்டு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஒரு நாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க இதெல்லாம் நேர்ல பாத்திருக்கீகளா?" என்று கேட்டாள். "பார்க்காமலா சொல்லித் தாரேன்?" என்று அதட்டி உட்கார வைத்தேன். அப்பட்டமான பொய். ராமேஸ்வரத்தில் அப்பாவோடு ஒரு தடவை முக்குளித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மறுநாளே எங்கள் தையல் டீச்சரிடம் சொன்னேன். ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், நாற்பது வயது. கடலைப் பார்த்ததே இல்லை. "மன்னார் வளைகுடாவைத் தேசியப் பூங்காவாக்கி இருக்காங்க. குருசடைத் தீவுக்கு அனுமதி வாங்கிப் போகலாம். வாரீங்களா?" என்றேன். "நீங்க வந்தா எங்க வீட்ல விடுவாங்க டீச்சர்" என்றார். இன்னும் மூன்று டீச்சர்கள் சேர்ந்தார்கள். ஐந்து பேர், ஒரு ராத்திரி, இரண்டு பகல்.

ஒரு ராத்திரி தங்காமல் முடியாது. கடல் வற்றும் நேரத்தில் போனால்தான் பவளப் பாறையில் இறங்கி நடக்கலாம், மற்ற நேரத்தில் வெறும் தண்ணீர்தான். மண்டபத்தில் ஒரு படகுக்காரருக்கு இன்லேண்ட் லெட்டர் போட்டேன். சித்திரை அமாவாசைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு நன்றாக வற்றும் என்று அவர் பதில் எழுதினார். ஏழு மணிக்குத் தீவில் நிற்க வேண்டுமென்றால் முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் படுக்க வேண்டும். வனத்துறைக்கு மனுவுக்கு மேல் மனு எழுதினேன். "ஆசிரியை ஒருவரும் உடன் வரும் நால்வரும்" என்று அனுமதி வந்தது. பாறை காலைக் கிழிக்கும் என்று ஐந்து ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கினோம். தையல் டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்ள ஐந்து பேருக்கும் இடுப்புப் பட்டி தைத்துவிட்டார்.

பிசகு என்னுடையதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பங்குனிப் பூக்குழித் திருவிழா முடிந்துவிடும், பிறகு தடையில்லை என்று கணக்குப் போட்டேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் என் காலண்டர் பிறந்த ஊரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெரு மாரியம்மன் கோவில் இரண்டு கட்சிச் சண்டையில் பூட்டிக் கிடந்ததால், அங்கே சித்திரையில் ஒரு பொங்கல் திருவிழா உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்தச் சித்திரையில் கட்சிகள் ராசியாகிவிட்டன. நாங்கள் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தெருவில் மேளம் அடித்து, திருவிழா தொடங்கிவிட்டது என்று பொங்கல் சாட்டினார்கள்.

சாட்டிவிட்டால் அடுத்த செவ்வாய்ப் பொங்கல் வரை அந்தத் தெருக்காரர்கள் வேற்றூரில் ராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

"தீவுமாச்சு, திட்டுமாச்சு. பேசாம வீட்ல கெட" என்றார் என் மாமியார்.

"அத்தை, உங்க மகன் போன வாரம்கூட நூல் விக்க ஈரோட்டுக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்கினார். இந்த வாரமும் போவார்ல?"

"ஆம்பளைக்கு என்ன? மஞ்சத்துணியில ஒரு ரூவாயை முடிஞ்சு சாமி முன்னால வச்சுட்டுப் போவான். ஆத்தா பொறுத்துக்கிடுவா."

"நானும் முடிஞ்சு வச்சுட்டுப் போறேன்."

"பொம்பளைக்கு ஏது முடிச்சு? அப்படி ஒரு வழக்கமே கெடையாது."

யார் போட்ட வழக்கம் என்று கேட்டேன். மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். கணவரைப் பார்த்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் போகவில்லை என்றதும் தையல் டீச்சர் வீட்டில் அவரையும் விடவில்லை. அவருக்குச் சாட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனாலும் என்னோடு சேர்த்து அவரும் முடங்கினார். நாங்கள் இல்லாமல் மற்ற மூன்று டீச்சர்களும் பயணத்தைக் கைவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், சாமி படத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் முடிச்சு இருக்கிறது. கணவர் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"லெட்டர் சும்மா வீணாத்தானே போகுது. நானும் கூட்டாளிக மூணு பேரும் போயிட்டு வாரோம்."

"அது எம் பேருக்கு வந்த லெட்டர்."

"டீச்சருக்கு உடம்பு சரியில்ல, நான் வீட்டுக்காரன்னு சொல்லிக்கிறேன். விடு."

விடு என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அந்த உடம்போடு குடத்தைச் சுமந்து முளைப்பாரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். தெருப் பெண்கள் குலவையிட்டார்கள். என் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்பி வந்தார். "அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணியும் முள்ளுமா கெடக்கு" என்றார். எத்தனை மணிக்குத் தீவுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். மண்டபத்தில் மீன் வறுவல் சாப்பிட்டுத் தூங்கி, பதினோரு மணிக்குப் போனார்களாம். ஏழு மணி என்று சிவப்பு மையில் எழுதிக் கடிதத்தோடு குத்தி வைத்திருந்தேன், அதைப் பிரித்தே பார்க்கவில்லை. ஒடித்தெடுத்த பவளக்கிளை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, "ஒனக்குத்தான்" என்று நீட்டினார். அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று கடிதத்திலேயே இருக்கிறது. அதையும் படிக்கவில்லை. நான் வாங்கவில்லை. முன்னறை ஷோகேஸில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் அவரே வைத்தார்.

ஒரு வருடம் அதை நான்தான் தூசி தட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம், "நாங்க தீவுக்குப் போயிருந்தப்போ எடுத்தது" என்பார். அந்த 'நாங்க'வைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு காபி ஆற்றினேன்.

அடுத்த வருடமும் மனு எழுதினேன். இந்தத் தடவை ஐந்து பெண்களின் பெயரையும் வயதையும் எழுதி, இவர்களுக்கு மட்டும் என்று அடிக்கோடிட்டேன். வேண்டுமென்றே சாட்டு நாளில் குறித்தேன் என்று சொன்னால் பொய். அமாவாசை அங்கே வந்து விழுந்தது. விழுந்ததில் எனக்கு வருத்தமில்லை.

கிளம்பும் காலையில் மஞ்சள் துணி கிழித்து, ஒரு ரூபாயை முடிந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். மாமியார் வாசலை மறித்து நின்றார்.

"ஏட்டி, தெருவுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"போன வருசம் உங்க மகன் போனாரே அத்தை, தெருவுக்கு என்ன வந்துச்சு?"

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். நான் ஷோகேஸைத் திறந்து பவளத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை தீவில் நின்றோம், ஏழு மணிக்குக் கடல் வற்றியது. பாறைக் குழிகளில் நட்சத்திர மீன் கிடந்தது, கடல் அட்டை கிடந்தது. நான் வரைந்த நிறம் ஒன்றுகூடச் சரியில்லை. தையல் டீச்சர் முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு கை அள்ளி நக்கிப் பார்த்து, "நெசமாவே கரிக்குது டீச்சர்" என்றார். சிரித்தோம், பிறகு இரண்டு பேரும் அழுதோம். சந்தோஷம் மட்டுமில்லை. ஒரு வருடம் பிந்திய ஆத்திரமும் அதில் இருந்தது. பையிலிருந்த பவளத்தை எடுத்துக் கடலில் விட்டேன். செத்தது பிழைக்காது என்று விலங்கியல் டீச்சருக்குத் தெரியாதா? ஆனாலும் விட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் கேட்ட முதல் கேள்வி, "ஷோகேஸ்ல இருந்த பவளம் எங்க?"

"அது ஒரு வருசமா வேத்தூர்ல ராத் தங்கிக் கெடந்துச்சு. அது ஊர்ல கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்றேன்.