எனக்கென்று விட்டிருந்த தேனடை

என் அலுமாரியின் மேல்தட்டில், சேலைகளுக்குப் பின்னால், உள்ளிருப்பது வெளியே தெரிகிற ஒரு பிளாஸ்ரிக் பெட்டி இருக்கிறது. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் வெட்டிய தேனடை ஒன்று. நாலு வருடமாக அதை நான் திறக்கவில்லை. எறியவும் மனம் வரவில்லை. எங்கள் அலுவலகத்து ரைப்பிஸ்ட் அக்கா தந்தது.

ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற அந்தச் சுகாதார அலுவலகம் கணினிக்கு மாறிப் பல காலமாகிவிட்டது. ஆனாலும் அவர் ரைப்பிஸ்ட் அக்காதான். எனக்குப் பக்கத்து மேசை. மேலதிகாரி எறிகிற கடதாசிகளையும் சொற்களையும் தலை குனிந்து வாங்கிக்கொள்வார். லிங்கநகரில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் ஆறு தேனீப் பெட்டிகள் இருந்தன. தேனைப் பிழிந்து போத்தலில் விற்பது அவருக்குப் பிடிக்காது. அடையோடு வெட்டித்தான் கொடுக்க வேண்டும் என்பார். அதற்குப் பெட்டியின் மேலடுக்கில் மெல்லிய மெழுகுத் தாளைக் கட்டி, தேனீக்களை இடநெருக்கத்தில் வைத்து, அடையின் ஒவ்வொரு அறுகோணக் கண்ணையும் அவை வெள்ளை மெழுகால் மூடும்வரை காத்திருக்க வேண்டும். முந்தி எடுத்தால் தேன் புளிக்கும். பிந்தினால் தேனீக்கள் நடந்து நடந்தே வெள்ளை அழுக்காகிவிடும். இடையிலுள்ள அந்த ஓரிரு நாளைப் பிடிப்பதில்தான் அக்காவின் கெட்டித்தனம். கடற்கரை ஹொட்டல் ஒன்று மாதாமாதம் எடுப்பதாகச் சொல்லியிருந்தது. "இந்தமுறை சரிவந்தால் இந்த வேலையை விட்டிடுவன் தங்கச்சி. பிறகு ஆரின்ரை முகத்தையும் பாக்கத் தேவையில்லை" என்பார்.

டெங்கு நுளம்புக்குப் புகை மருந்து அடிக்கும் ஒழுங்கைகளின் விபரம் என் மேசைக்குத்தான் வரும். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்கடை பக்கம் புகை அடிக்கிற அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஓடிப்போய்ப் பெட்டி வாசலை அடைச்சு, ஈரச்சாக்குப் போட்டால் காணும்." ஓம் என்றேன். இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறேன்.

நாலு வருடத்துக்கு முந்திய அந்த வைகாசியில் முதல் அடை வந்தது. அதை அக்கா மேலதிகாரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பயத்தில் கொடுத்தது என்று இப்போது விளங்குகிறது. அன்று எனக்கு வயிறு எரிந்தது. தினமும் என் சோற்றுப் பார்சலைப் பங்குபோட்ட எனக்கு ஒரு துண்டில்லை, திட்டுகிறவனுக்கு முழு அடையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க, எங்களுக்குள் கதை பேச்சில்லை.

அந்தக் கிழமைக்குள்தான் தொலைபேசி வந்தது. லிங்கநகரில் இரண்டு பேருக்கு டெங்குக் காய்ச்சல், இன்று பின்னேரமே புகை. அக்காவின் ஒழுங்கை. எழுதிக்கொண்டேன். பக்கத்தில் அவர் ரைப் அடித்துக்கொண்டிருந்தார். சொல்ல ஒரு நிமிடம் போதும். தேன் கொடுத்த இடத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஏதோ அவசரம் என்று மேலதிகாரி அவரை மறித்து வைத்திருந்தார். நான் நாலு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள்தான் அக்கா வேலைக்கு வந்தார். பெட்டி வாசல்களில் செத்துக் குவிந்து கிடந்த தேனீக்களைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளினாராம். மிஞ்சியவை பெட்டியை விட்டே பறந்து போய்விட்டனவாம். "மறந்திட்டீங்களாக்கும். உங்களுக்கும் வேலை கூட" என்றார். நான் தலையாட்டினேன். செய்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் இன்றும் என்னை அரிக்கிறது. பிறகு பையிலிருந்து இந்தப் பிளாஸ்ரிக் பெட்டியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"ஐயாவுக்குக் குடுத்தது ஓரம் கறுத்துப்போனது. உங்களுக்கு நல்லதாக் குடுக்க வேணுமெண்டு, கடைசிக் கண்ணும் மூடட்டும் எண்டு விட்டிருந்தனான். இப்ப சாப்பிட ஏலாது, மருந்து பட்டிருக்கும். உங்களுக்கெண்டு விட்டதை நான் எப்பிடி எறியிறது?"

அக்கா இன்னும் அதே மேசையில்தான், அதே திட்டுகளை வாங்கிக்கொண்டு. ஹொட்டல் வேறு ஆளைப் பிடித்துவிட்டது. போன கிழமை அந்த ஒழுங்கை மறுபடியும் புகைக்கு வந்தது. எழுதிய கையோடு எழும்பிப் போய் அவரிடம் சொன்னேன். "எனக்கேன் தங்கச்சி இப்ப?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த வரியை அடித்து முடித்துவிட்டு, "அந்த அடையை எறிஞ்சிட்டீங்கள்தானே?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து, சேலைகளை விலக்கிப் பார்த்தேன். கடைசிக் கண்வரை மூடியபடி, வெள்ளையாகவே இருக்கிறது.