இடம் பார்த்துப் போகவேண்டும்

தெருவில் வண்டி நெருக்கடியை எப்படிக் குறைப்பது என்று பேச இன்ஜினீயர்களும் கவுன்சிலர்களும் இருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற நான் அதைப் பற்றிப் பேனா பிடிப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பும் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. பொறுத்துக்கொள்ளுங்கள். முந்தாநாள் என் வீட்டுச் சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மோட்டார் போக இந்தத் தெரு போதவில்லையாம். கோடு வரைக்கும் இடிப்பார்களாம். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருக்கிறது. நேரில் பேச வராது என்பதால் எழுதுகிறேன்.

ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தால் எனக்குக் கூடவே மிளகாய் வத்தல் நெடியும் வரும். உடனே தும்முவேன். முந்தாநாளும் கோடு போட்டவர் முகத்திலேயே தும்மினேன். அவர் அபசகுனம் என்று நினைத்திருப்பார். எனக்கு ராவுத்தர் கடை ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

ராவுத்தர் கடை ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் வடக்குப் பக்கம் இருந்தது. என் இருபதாவது வயதில் அங்கே மிளகாய் நிறுக்கிற வேலை பார்த்தேன். கடையைத் தாண்டுகிற எல்லாரும் தும்முவார்கள். மாடும் தும்மும். "தும்மலைக் கேட்டா யாவாரம் தெரியுது" என்பார் ராவுத்தர். தெரு அந்த இடத்தில்தான் இடுப்பு மாதிரி ஒடுங்கும். சந்தை நாளில் ராஜபாளையத்துப் பருத்தி வண்டிகள் மேற்கு முனையில் நுழையும். கான்சாபுரம், சுந்தரபாண்டியத்து நெல் வண்டிகள் கிழக்கு முனையில் நுழையும். இரண்டும் எங்கள் கடை வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்.

"ஏலே, பின்னால எடு!"

"எம் மாட்டுக்குப் பின்னால நடக்கத் தெரியாது அண்ணாச்சி. ஒம்ம மாடு படிச்ச மாடுல்லா, அது நடக்கும்."

இப்படியே வெயில் ஏறும். நெல்லின் மேல் உட்கார்ந்திருப்பவர் தூங்கியே போவார்.

இதற்கு ஒரு வழி செய்ய முனிசிபாலிட்டி ஓவர்சியர் வந்தார். நல்ல மனுஷர், வெளியூர்க்காரர். கடைச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டுக்குத் தெருப்பக்கம் இருப்பதெல்லாம் இடிபடும். உள்ளே மிச்சம், தராசும் ஓர் ஆளும் நிற்கிற இடம். அந்த ஆள் நான் என்றால் நிற்கலாம். ராவுத்தர் கொஞ்சம் பருமன்.

"இன்றைக்கு மட்டும் பார்த்தால் போதாது. இருபது வருஷம் கழித்து எத்தனை வண்டி வருமோ, அதற்கும் சேர்த்துத்தான் தெரு வேண்டும்" என்றார் ஓவர்சியர்.

"இருபது வருசம் கழிச்சு வார வண்டிக்கு இன்னைக்கே எங் கடையக் குடுக்கணுமாக்கும்?" என்றார் ராவுத்தர். பிறகு குரலை இறக்கி, "ஆளுக்கு ஒரு ஓரமாப் போனா ரெண்டு வண்டி உரசாமப் போகும் அய்யா. ஒரு சந்தைக்கு விட்டுப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டார்.

ஓவர்சியர் யோசித்தார். அடுத்த சந்தையில் எல்லா வண்டியும் தன் இடப்பக்கமாகவே போகட்டும், நெருக்கடி இல்லையென்றால் கோட்டை நானே அழித்துவிடுகிறேன் என்றார். எனக்கு அவர் சொன்னதும் நியாயமாகப் பட்டது, ராவுத்தர் சொன்னதும் நியாயமாகப் பட்டது. இப்போதும் அப்படித்தான்.

அறிவிப்பை ஓவர்சியரே நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தார்: வண்டிகள் இடம் பார்த்துச் செல்க. தமுக்கு அடிப்பவர் அதை ஊர்ப் பேச்சில் மாற்றித் தெருத்தெருவாகக் கத்தினார்: "வண்டிக்காரவியல்லாம் எடம் பாத்துப் போகணும்!"

கேட்டவர்கள் சிரித்தார்கள். "எடம் இருந்தாத்தானலே போவோம்? எடம் இல்லாம ஆகாசத்துலயா போறோம்?" எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நுழைவது என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அதைத்தான் அதுவரையிலும் செய்துவந்தார்கள். ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிற வண்டிக்காரர் ஒருவர் மட்டும், "எங்க பாசையில எடமன்னா பீச்சாங்கைப் பக்கம். அதத்தான் சொல்றாக" என்றார். ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தமிழ் புரிந்தது.

சந்தை நாள் வந்தது. ஓவர்சியர் எதிர்க்கடை நிழலில் வந்து நின்றார். ராவுத்தர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நடுத்தெருவில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறினார். முக்காலியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. மேற்கே பார்த்து நின்று சோத்தாங்கையை நீட்டினார். எதிரே வந்த பருத்தி வண்டிகளுக்கு அது இடப்பக்கம். வரிசையாக வடக்கு ஓரமாக ஒதுங்கின. அழகாக இருந்தது. ஓவர்சியர்கூடத் தலையாட்டினார்.

ஆனால் ராவுத்தர் முதுகுக்குப் பின்னால் நெல் வண்டிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் அதே கையைத்தான் பார்த்தார்கள். அவர்களும் வடக்கே ஒதுங்கினார்கள்.

எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று தெரியவில்லை. "பின்னால வாரவியளுக்கு மத்தக் கையையும் நீட்டுனா என்ன?" என்று முணுமுணுத்தேன்.

ராவுத்தர் குனிந்து பார்த்தார். "பீச்சாங்கைய நீட்டியா வாங்கன்னு சொல்றது? வாரவுக அம்புட்டுப் பேரும் நம்ம கடைக்கு வந்து போறவுக தம்பி. மரியாதை வேண்டாமா?"

மரியாதை வேண்டும்தான். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நெல் வண்டியும் முதல் பருத்தி வண்டியும் எங்கள் கடை வாசலில் சந்தித்தன. சக்கரத்தோடு சக்கரம் கோத்துக்கொண்டது.

"ராவுத்தர் கைகாட்டுன பக்கம்தான வந்தேன்!"

"நான் மட்டும் அவுக காலு காட்டுன பக்கமா வந்தேன்?"

தெற்குப் பாதி தெரு காலியாகக் கிடந்தது. அதில் நுழையலாம் என்று இரண்டு முனையிலிருந்தும் பின்வண்டிகள் ஒரே நேரத்தில் இடம் பார்த்தன. பிறகு அதுவும் இல்லை. பொழுது சாய்கிறவரை தும்மல் கேட்டுக்கொண்டே இருந்தது. ராவுத்தர் கையை எப்போது இறக்கினார் என்று நான் பார்க்கவில்லை. ஓவர்சியர் கிட்டே வந்தார், அவரும் தும்மினார். "கோடு இருக்கட்டும் ராவுத்தரே" என்று மெதுவாகச் சொன்னார்.

இதை எழுதும்போது நடுக்கூடத்தில் எழுந்து நின்று மேற்கேயும் கிழக்கேயும் திரும்பித் திரும்பிக் கையை நீட்டிப் பார்த்தேன். "என்ன, சாமி வந்துட்டா?" என்றாள் என் மனைவி. ராவுத்தர் திரும்பாமல் நின்று பீச்சாங்கையையும் நீட்டியிருந்தால் கடை பிழைத்திருக்கும் என்று ஒரு தடவை தோன்றுகிறது. மறுதடவை திரும்பினால் அதுவும் குழம்பிவிடுகிறது.

தெரு அகலமானது உண்மை. கொஞ்ச காலம் வண்டிகள் தாராளமாகப் போயின. தாராளமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு இன்னும் நிறைய வண்டிகள் வந்தன. ஓவர்சியர் சொன்ன இருபது வருஷம் ஆகிவிட்டது. அதே இடத்தில் இப்போது மோட்டாரும் மாட்டுவண்டியும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, அகலமாக நிற்கின்றன. ராவுத்தர் மடவார் வளாகம் பக்கம் கடை மாற்றிப் பார்த்தார். சந்தைக் கூட்டம் அவர் பின்னால் போகவில்லை. அவரும் இல்லை, அந்த நெடியும் இல்லை. இப்போது அந்த இடத்தில் யாரும் தும்முவதில்லை. என் சுவரை இடித்தால் நெருக்கடி குறையுமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. குறையும் என்று உறுதியாகத் தெரிந்தால் நானே கடப்பாரை எடுத்துக் கொடுப்பேன்.

அந்தச் சந்தைக்கு மறுநாள் கடை முகப்பை இடித்தார்கள். மண்ணை அள்ள வந்த வண்டி தெருவின் குறுக்கே நின்றது. அன்றைக்கு முழுவதும் வேறு வண்டி எதுவும் போகமுடியவில்லை.