பேர் விழாத இரண்டு வருடங்கள்

உயர்தரப் பரீட்சைப் பாடப்புத்தகங்களைவிட மாணவர் விசா விதிகளைத்தான் நான் அதிக தடவை படித்திருக்கிறேன். எந்த நாட்டு விசா என்பது இங்கே முக்கியமில்லை. மூன்று நாடுகளின் விதிகளைப் படித்துப் பார்த்தேன். மூன்றையும் ஒரே சந்தேகப்பிராணி உட்கார்ந்து எழுதியது போலத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து விண்ணப்பிக்கும் நாள் வரை ஒவ்வொரு மாதமும் என்ன செய்தாய் என்று சொல்லவேண்டும் என்பது அதில் ஒரு விதி. வீட்டில் சும்மா இருந்தேன் என்றும் சொல்லலாம். ஆனால் சும்மா இருந்ததற்கும் ஒரு கடதாசி காட்டவேண்டும்.

அந்த விதியை எனக்கு விளக்கியவர் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்த முகவர் நிலையத்தின் ஆலோசகர். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. கணவருக்கு இங்கே வங்கியில் வேலை கிடைத்ததால் வந்தவர். பதுளைக் குளிரை நாலு வருடமாகத் திட்டிக்கொண்டே இருந்தார். மேசையில் அவருக்கும் எனக்கும் நடுவில் என் பைல் இருந்தது. அப்போது அதில் என் பிறப்புச் சான்றிதழும் பெறுபேற்றுத் தாளும், முதியோர் பராமரிப்புப் படிப்புக்கு இடம் தந்திருந்த கல்லூரியின் கடிதமும் மட்டும்தான் இருந்தன.

"தங்கச்சி, நீங்கள் உயர்தரம் எடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. இவ்வளவு காலமும் என்ன செய்தனீங்கள்?"

"வீட்ல இருந்தேன் மிஸ். அம்மாவுக்குக் கால் உடைஞ்சிருச்சு. அவங்களப் பாத்துக்கிட்டேன்."

"அப்ப அதையே எழுதுவம். ஆஸ்பத்திரிக் கடதாசி இருக்கோ?"

"இருக்குங்க."

நான் சொன்னது பொய் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டது உண்மை. காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்து, கட்டு மாற்றி, பிறகு அவருக்குப் பதிலாகத் தேயிலை மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்ததும் உண்மை. இரண்டாவதைச் சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதற்கு எங்கள் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

பசறைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம்; ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். அப்பா இல்லை, நான் பால் குடிக்கும் வயதிலேயே போய்விட்டார். அம்மாவின் உழைப்புத்தான் வீடு. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்று சொல்வோம். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கங்காணி பேரைக் கூப்பிடுவார். வந்திருக்கேன் என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய், போதிய கொழுந்து நிறுத்தால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். பல மாதம் ஒரு பேரும் விழாத வீட்டுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பரா எதற்கு என்று ஆபிஸில் கேட்பார்கள்.

நான் உயர்தரம் எழுதி முடித்த அடுத்த மாதம், மழையில் ஊறிய மலையில் அம்மா சறுக்கி விழுந்தார். இடது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். நாலாம் நாள் கங்காணி வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"பாப்பா, நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு. ஒன் பேரப் பதிஞ்சுக்கலாம். இல்லாட்டி அம்மா பேர்லயே வா. வீட்ல ஒருத்தர் வந்தாப் போதும், பேர் விழுந்துரும்."

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அம்மாவிடம் சொன்னேன். வலியில் முகம் கோணியிருந்தாலும் பதில் உடனே வந்தது.

"என் பேர்ல போ. உன் பேரு மட்டும் செக்ரோல்ல விழவே கூடாது. ஏறிருச்சுன்னா எறக்க முடியாது, புள்ள. நீ படிக்கப் போறவ."

இப்படித்தான் நான் அம்மாவானேன். இதில் ஒரு விசேஷமும் இல்லை. எங்கள் லயத்திலேயே மாமியார் பேரில் மருமகளும் அக்கா பேரில் தங்கையும் மலைக்குப் போயிருக்கிறார்கள். பேர் ஆளுக்குச் சொந்தமானது என்று நாங்கள் நினைப்பதில்லை. அது வீட்டுக்குச் சொந்தமானது. அன்றைக்கு எந்தக் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கை போய்ச் செய்யும். முதல் வாரம் மட்டும் பெண்கள் கேலி செய்தார்கள். "என்னாடி, கால் அதுக்குள்ள சொகமாயிருச்சா? தகடு நல்ல தகடுதான்" என்பார்கள். பிறகு அதுவும் நின்றுபோனது.

எலும்பு சரியாகக் கூடவில்லை. இரண்டாம் தடவையும் அறுத்தார்கள். ஆறு மாதம் என்றது இரண்டு வருடம் ஆனது. எனக்குக் கை வேகம். சாயந்தரம் நான் இடுப்பில் கட்டிய படங்குச்சாக்கை அவிழ்த்துப் போடும்போது, கட்டிலில் இருந்தபடியே அம்மா கேட்பார்: "இன்னைக்கு நான் எத்தனை கிலோ?" இருபத்திரண்டு என்றால் அவருக்கே பெருமையாக இருக்கும். "நான் அந்தக் காலத்துல இருந்தே அப்படித்தான்" என்பார். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் சில நாள், ஈரச் சாக்கைக் கொடியில் போடும்போது, என் வயதுக்காரிகள் பதுளையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதை நினைத்து வயிறு எரியும். அதையும் மறைக்க விரும்பவில்லை.

கொழும்பில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் மாமா செலவை ஏற்பதாகச் சொன்ன பிறகுதான் முகவர் நிலையத்துக்குப் போனேன். விசாப் படிவம் என் கைபேசித் திரைக்குள் அடங்காத நீளத்தில் இருந்தது. 'வேறு பெயர்களால் அறியப்பட்டதுண்டா?' என்ற கேள்விக்கு, கூசாமல் 'இல்லை' என்று போட்டேன். அன்று காலையில்கூடப் பெரட்டில் அம்மாவின் பேருக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான், அரைப்பேரோடு இறங்கிப் பதுளைக்கு வந்திருந்தேன்.

படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பது இன்னொரு விதி. வீடா, அது தோட்டத்துடையது. காணியா, அதுவும் தோட்டத்துடையது. ஆலோசகர் பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"அம்மா இருக்கிறா எல்லோ? நிரந்தர வேலையில இருக்கிறா எண்டு தோட்டத்தில ஒரு கடிதம் எடுங்கோ."

ஆபிஸ் கிளாக்கர் தங்கமான மனிதர். எங்கள் டிவிசனிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் முதல் பிள்ளை என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஒரு பக்கக் கடிதம் போதும் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. இரண்டு வருடத்துச் செக்ரோலையும் நாள்வாரியாக, கிலோவோடு, ஆங்கிலத்தில் தட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் சீல் குத்திக் கொடுத்தார்.

"பாரு, ஒங்கம்மா லீவே போடல" என்று கண்ணடித்தார்.

இருவரும் சிரித்தோம். அதே பைலில் ஆஸ்பத்திரிக் கடதாசியும் இருக்கிறது என்பது எங்கள் இருவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆலோசகருக்கும் உறைக்கவில்லை. அவர் எண்களைப் பார்க்காமல் சீல் குத்தியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

விசா அலுவலகத்தில் ஒருவர் எண்களைப் பார்த்தார். பதில் வந்தபோது நான் பதுளையிலிருந்து பசறைக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வளைவில் சிக்னல் வந்தது, அடுத்த வளைவில் போனது; ஒரு கடிதத்தை ஏழெட்டு வளைவில் படித்து முடித்தேன். உங்கள் தாயார் ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை விடுதியில் இருந்த அதே நாளில் இருபத்திரண்டு கிலோ தேயிலை பறித்ததாகத் தோட்டம் சொல்கிறது. இப்படிப் பல நாட்கள் உள்ளன. இரண்டு ஆவணங்களில் ஒன்று பொய்யானது என்று கருதுகிறோம். நான்கு வாரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்படும். பொய் ஆவணம் கொடுத்தவர் பல வருடங்களுக்கு மீண்டும் விண்ணப்பிக்க முடியாது.

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. நான் போலிக் கடதாசி கொடுக்கிறவளா? கோபம் லயத்து வாசல் வரை தாங்கியது. கதவைத் திறக்கும்போது பயம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. படிப்பு போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. போனால் எனக்கு இருந்த ஒரே கதவு பல வருடத்துக்கு மூடிக்கொள்ளும். பிறகு என் பேரும் செக்ரோலில் ஏறும்.

மறுநாள் ஆலோசகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப மலைக்குப் போனது நீங்களோ? ஏன் பிள்ளை இதை முதலே சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல மிஸ்."

"நான் என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டனான்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். இரண்டு வழி இருக்கிறது என்றார். கிளாக்கர் தவறாகத் தட்டிவிட்டார் என்று சொல்லலாம். அது சுலபம், ஆனால் அந்த மனிதரின் வேலைக்கு ஆபத்து. அல்லது உள்ளதைச் சொல்லலாம். "சொன்னா மட்டும் காணாது. அந்த நாளெல்லாம் வேலை செய்தது நீங்கள்தான் எண்டு தோட்டமே எழுதித் தரவேணும்" என்றார்.

அன்று சாயந்தரம் அம்மாவிடம் சொன்னேன். கிளாக்கர் மேல் பழி போடும் யோசனையை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மற்றதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தால், கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வா, ஆபிஸ் ஜன்னலுக்குப் போவோம்."

தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை சிங்களவர், வயதில் இளையவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பெண்களை 'நீங்க' என்று கூப்பிட்ட முதல் தொரை அவர்தான். ஜன்னலில் நிற்கவைக்காமல் உள்ளே வரச் சொன்னார். விசாக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கிளாக்கர் மூலையில் வியர்த்துக்கொண்டு நின்றார்.

"இது எல்லாத் தோட்டத்துலயும் நடக்குது, எனக்கும் தெரியும்" என்றார் தொரை. "ஆனா நான் எழுதிக் குடுத்தா, அந்த ரெண்டு வருஷம் ஒங்க சேர்விஸ்ல இருந்து வெட்டணும். வெளங்குதா?"

அந்த வருடக் கடைசியில் பேரை வெட்டிக்கொண்டு வேலையை விடுவதாக அம்மா முடிவு செய்திருந்தார். அந்த இரண்டு வருடத்தையும் சேர்த்துத்தான் ஓய்வுப் பணத்துக்கான அவருடைய சேர்விஸ் நிறைந்திருந்தது. தொரைக்கும் அது தெரியும்.

"இன்னும் ரெண்டு வருஷம் மலைக்குப் போகணும். ஒங்க மக போக முடியாது, நீங்கதான் போகணும். அந்தக் காலோட."

"போறேனுங்க தொரை. என் பேரை வெட்டிட்டு, என் மக பேரை எழுதுங்க."

நான் "அம்மா" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

தொரை தானே எழுதினார். கங்காணியையோ கிளாக்கரையோ குறை சொல்லாமல், நிர்வாகத்துக்குத் தெரிந்தே இது நடந்தது என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரிக்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. கடிதத்தை வாங்கியதும் அம்மா, "எங்க இருக்கு ஒன் பேரு?" என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். எந்தத் தோட்டத்துத் தாளிலும் விழக்கூடாது என்று இரண்டு வருடம் பாதுகாத்த பேர். எனக்கு அழுகை வந்தது. கிளாக்கர் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

படியில் இறங்கும்போது, "ஏம்மா, வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"கொழுந்து எடுத்தவ நீ. என் பேர்ல கெடந்துச்சு. உன்னுதை நீ எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அம்மா மலைக்குப் போனார். முதல் மாதம் முழுக்க அரைப்பேர்தான் விழுந்தது. சாயந்தரம் நான் வெந்நீர் வைத்துக் கால் பிடித்துவிடுவேன். எத்தனை கிலோ என்று கேட்க எனக்கு வாய் வராது. அவரும் சொல்லமாட்டார்.

இரண்டு மாதம் கழித்து விசா கிடைத்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டதாக அந்தப் பதிலில் ஒரே ஒரு வரி இருந்தது.

புறப்படும் நாளில் ஒரு பேரை விட அம்மாவுக்கு மனமில்லை. விட்டால் அந்த நாளையும் பிறகு நிரப்ப வேண்டும். அதனால் நான்தான் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்களம் வரை அவரோடு போனேன். பனியில் பெண்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெட்டி கட்டியாச்சா, அங்கே குளிருமாமே என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது கங்காணி பேர் கூப்பிட ஆரம்பித்தார். அம்மாவின் பேர் வந்தது.

"வந்திருக்கேன்" என்றேன்.

அதே நொடியில் அம்மாவும் சொன்னார். இரண்டு குரலும் சேர்ந்து விழுந்ததில் களம் முழுக்கச் சிரித்தது. கங்காணிகூடப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார்.

"நீ இல்ல. நான்" என்றார்.

பிறகு வலது காலை முன்னே வைத்து, இடது காலை இழுத்து அதன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு படியாக மலைக்கு ஏறினார்.