படகேறும் வரை கூட நின்றவர்

பாலராமபுரத்துக் கடையில் நேரியது என்னும் கசவு மேல்துணி பார்த்துக்கொண்டிருந்தபோது மேபல் அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயாச்சு. விடியக்காலம், காரக்கோணம் ஆஸ்பத்திரியில வச்சு." கடைப்பெண் துணியை மடிக்கக் கை நீட்டினாள். அதைக் கொடுக்கவும் தோன்றாமல், வாங்கவும் தோன்றாமல் நான் நின்றேன்.

பாறசாலையில் அக்காவைச் சபைப் பாடகர் குழுவில் பாடக் கேட்டவர்கள் உங்களில் பலர். கோவாவில் ஹோட்டலில் வேலை என்றுதான் ஊரில் சொல்லியிருந்தார். உண்மையில் அது ஆற்றின் நடுவே நங்கூரமிட்டு நிற்கும் ஒரு சூதாட்டக் கப்பல். இதை இந்த நினைவு மலரில் எழுதுவதால் அவருக்குக் குறைவில்லை. திரும்பி வந்ததும் போதகரிடம் அவரே சொல்லிவிட்டார். போதகர், "அங்க சாப்பாடு எப்பிடி?" என்று மட்டும் கேட்டாராம்.

அந்தக் கப்பலில் அவர் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசைகளின் மேற்பார்வையாளர். நான் மேல்தளத்தில் காமிரா அறையில் இருந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஊழியர் சாப்பாட்டுக் கூடத்தில் என் அம்மாவிடம் போனில் பேசி முடித்துத் திரும்பினேன். எதிரே ஒரு பெண்மணி தட்டைக் கீழே வைக்காமல் என் பேச்சைக் கேட்டபடி நின்றார்.

"ஊரு உதியன்குளங்கரையா, அதுக்கு இந்தப் பக்கமா?"

அவ்வளவுதான். வீடு எது, அப்பா யார், எந்தப் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விரல் மடக்கத் தொடங்கினார். நாங்கள் கோயில் வீட்டுக்காரர்கள், அவர்கள் சபை வீட்டுக்காரர்கள். கொண்டான் கொடுத்தான் உறவுக்கு வழியே இல்லை. இருந்தும் விடவில்லை. அவர் மாமாவின் ரப்பர் தோட்டமும் என் அம்மா வீட்டைச் சுற்றிய புரையிடமும் ஒரே வேலியில் முட்டுவதைக் கண்டுபிடித்த பிறகே சோற்றில் கை வைத்தார். "வேலி ஒண்ணுன்னா உறவுதான் பிள்ளே," என்றார்.

எங்கள் வேலையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. பிளாக்ஜாக்கில் வெளியே வந்த சீட்டு, மறுபடி கலக்கும் வரை திரும்ப வராது. சின்னச் சீட்டுகள் நிறையப் போய்விட்டால் மிச்சத்தில் பெரிய சீட்டுகள் அதிகம். அது ஆடுகிறவருக்கு நல்ல நேரம். சிலர் இதை மனதுக்குள் கணக்கு வைத்து, நல்ல நேரத்தில் மட்டும் பந்தயத்தை உயர்த்துவார்கள். அவர்கள் ஏமாற்றுவதில்லை, கருவி எதுவும் வைத்துக்கொள்வதில்லை, மூளையை மட்டும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கப்பல்காரர்களுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. காமிரா அறையில் நாங்களும் அதே கணக்கைப் போடுவோம்; சின்னச் சீட்டுகள் போகப் போகக் கணக்கு ஏறும். எங்கள் கணக்கு ஏறும்போது ஒருவர் பந்தயமும் ஏறி, இறங்கும்போது இறங்கினால் ஆள் அகப்பட்டார். பிறகு மேற்பார்வையாளர் போய், வேறு எந்த ஆட்டமும் ஆடலாம், இது மட்டும் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வார். ஆளின் படம் மற்றக் கப்பல்களுக்கும் போகும்.

மற்றவர்கள் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள், காவலர் கூட்டிப்போவார். மேபல் அக்கா தானே கீழ்த்தளம் வரை நடந்து, ஆள் சின்னப் படகில் ஏறி அது கரைப் பக்கம் திரும்பும் வரை நிற்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "போன்னு சொல்லுதது கம்பெனி. போறது ஒரு மனுசன் ஆக்கும். வீட்டுக்கு வந்தவனை நடை வரைக்கும் கொண்டுவிட மாட்டமா?"

அந்தப் பழக்கம்தான் ஒரு மத்தியானம் அவர் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். பந்தயத்தை உயர்த்துவதற்கு முன்னால் கட்டை விரலை மோதிர விரலில் ஒரு தரம் அழுத்துவான். நான் அவன் கைகளைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, கூடவே எண்ணினேன். என் கணக்கு ஏறும்போதெல்லாம் அந்தக் கட்டை விரல் அழுந்தியது. எங்கள் மேலாளர் ராணேயிடம் காட்டினேன். "அனுப்பு," என்றார். கீழே போன் செய்தேன். மேபல் அக்கா அவன் பக்கத்தில் போய் நின்று குனிந்து பேசினார். அவன் தகராறு செய்யாமல் எழுந்தான். இருவரும் திரையை விட்டு வெளியேறி, படகேறும் இடத்துக் காமிராவில் வந்தார்கள்.

அங்கே நின்றுவிட்டார்கள். எங்கள் காமிராக்களுக்குக் காது கிடையாது. அவன் ஏதோ சொல்ல, அக்கா தலையைத் தூக்கினார். பிறகு சிரித்தார். பிறகு ஒரு விரலை மடக்கினார். அவனும் மடக்கினான். அக்கா இன்னொன்றை. படகுக்காரன் கூப்பிட்டும் இருவரும் நகரவில்லை.

ராணே என் நாற்காலியின் பின்னால் வந்து நின்றார். "இவளுக்கு அவனைத் தெரியும். பங்கு பேசுகிறார்கள்."

"சார், எங்கள் ஊரில் அப்படித்தான். உறவு கண்டுபிடிக்கிறார்கள்."

"நீயும் அதே ஊர்தானே?"

அதற்கு மேல் என் வாய்க்கு மதிப்பில்லை என்று புரிந்தது. ஆடுகிறவர்களோடு கூட்டு என்று பேர் வந்தால் அந்த ஆற்றில் எந்தக் கப்பலிலும் வேலை கிடைக்காது. அக்காவின் அம்மாவுக்குக் காரக்கோணத்தில் வைத்தியம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ராணே கதவைச் சாத்தினார். என் போனை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"மேசை முழுக்கத் தெரியும் அகலக் காமிராவின் பதிவைப் போடு. முதலிலிருந்து எண்ணு. சத்தமாக."

எண்ணினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. நான் கீழே அழைப்பதற்கு முன் அவன் ஆடிய ஆட்டங்களை ஒவ்வொரு சீட்டாக நகர்த்தினேன். கணக்கு ஏறியது. அவன் பெரிய பந்தயம் வைக்கப் போகிறான். அந்த நேரத்தில் படத்தின் ஓரத்தில் மேபல் அக்கா வந்து மேசை விளிம்பில் இரண்டு விரலால் தட்டினார். பாதிச் சீட்டுகூடப் போகாத நிலையில், சீட்டுப் போடுகிற பெண் எல்லாவற்றையும் வாரிக் கலக்கினாள். அவனுடைய நல்ல நேரம் அதோடு போயிற்று.

"நிறுத்து," என்றார் ராணே. "தற்செயலாக இருக்கும். போ."

இன்னொரு தரமும் கணக்கு ஏறியது. அதே இரண்டு விரல், அதே கலக்கல். இரண்டும் நான் போன் செய்வதற்கு முன்னால் நடந்தவை. அவன் கைகளை மட்டுமே பார்த்ததில் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. எனக்கு முன்பே அக்கா ஆளைக் கண்டுகொண்டு அவன் ஆட்டத்தைக் கெடுத்திருக்கிறார்.

ராணே அக்காவை வரச் சொன்னார். உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்த்து, "எதுக்கு பிள்ளே இப்பிடி வேர்க்குது? ஏசி வேல செய்யலியா?" என்றார்.

"அவனைத் தெரியுமா?" ராணே கேட்டார்.

"ஆட உட்கார்ந்தபோது தெரியாது."

"இப்போது?"

தெரியாது என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இப்போது உறவு. அவனுடைய அம்மாவின் தங்கையை என் சித்தப்பா மகன் கட்டியிருக்கிறான்."

ராணே நிறுத்தி வைத்திருந்த திரையைப் பார்த்தார். மேசை விளிம்பில் அந்த இரண்டு விரல்கள் அசையாமல் நின்றன. அவற்றையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உறவுக்காரன் படத்தை எல்லாக் கப்பலுக்கும் அனுப்பப் போகிறேன்."

"அனுப்பத்தான் வேண்டும். அவனிடமும் சொல்லிவிட்டேன், இனி இந்த ஆற்றுப் பக்கம் அலையாதே என்று."

ராணே நெற்றியைத் தடவிக்கொண்டார். "மேசைக்குப் போ," என்றார்.

வேலை முடிந்து வரும்போது கேட்டேன்: "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன அக்கா?"

"நல்லாருக்கே! இப்பந்தான் நாலு விரலு மடக்கிக் கண்டுபிடிச்சேன். உடனே இல்லன்னு சொல்லச் சொல்லுதியா?"

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் என் பக்கத்தில் ஒருவர் நின்றார். காதோரம் நரைத்திருந்தது. குழியில் மண் போட முன்னால் வந்தவர், குனிவதற்கு முன் கட்டை விரலை மோதிர விரலில் ஒரு தரம் அழுத்தினார். திரை முழுக்கப் பார்த்த அந்தக் கைகளை நான் அறிவேன். அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

"அக்காவுக்க சொந்தமா?" என்று திரும்பி வந்து அவரே கேட்டார்.

"கூட வேல பாத்தேன். கப்பல்ல. மேல, காமிராவில."

அவர் கண்கள் என் முகத்தில் நின்றன.

"அப்ப என்னைப் பிடிச்சது நீங்களாக்கும்."

"ஆமா."

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு, "வீடு எங்க?" என்றார். அவர் விரல் ஒன்று அதற்குள் மடங்கத் தொடங்கியிருந்தது.

இப்போது நான் ஒரு கல்லூரியில் சேர்க்கைப் பிரிவில் இருக்கிறேன். இடமில்லை என்று தினமும் யாரிடமாவது சொல்ல வேண்டிய வேலை. சொன்ன பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, அவர்களோடு வெளிப்படி வரை நடந்து, கேட்டைக் கடக்கும் வரை நிற்கிறேன். சக ஊழியர்களுக்கு இது வேடிக்கை. மேபல் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த நடைதான். அடக்கத்தன்றும் நடந்தேன். நான் பிடித்த அந்த மனிதரைச் சாலை வரை கொண்டுவிட்டு, பஸ் திரும்பும் வரை நின்றேன்.