மாமாவை எடுத்துவிட்டு மூத்தாரைப் போடுங்கள்

“உல்ஜான், இரண்டாம் நிலை இயந்திரப் பொறியாளர். தொழில்நுட்பச் சொற்களைத் தயக்கமின்றியும் துல்லியமாகவும் கையாள்பவர்.”

வட்டார மின் அலுவலகம் அவளுக்கு எழுதிவைத்திருந்த பணிக்குறிப்பு இது. எழுதியவர் அவளோடு ஒரு தேநீர் குடித்திருந்தால் பேனாவை மூடியிருப்பார். உல்ஜான் வாயிலிருந்து இரும்பு என்ற சொல் வராது. எஃகும் வராது, வார்ப்பிரும்பும் வராது.

திக்குவாய் ஒன்றுமில்லை. கல்யாணம்தான் காரணம்.

எங்கள் கிர்கிஸ் வீடுகளில் மருமகள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்வதில்லை. பெயர் ஒரு பொருளைக் குறித்தால் அந்தப் பொருளையும் சொல்வதில்லை. உல்ஜான் புகுந்ததோ கொல்லர் வம்சம். கணவனின் தாத்தா தெமிர், இரும்பு. மாமனார் சோயுன், வார்ப்பிரும்பு. கணவனின் அண்ணன் போலோத், எஃகு. பிஷ்கேக்கில் பொறியியல் படித்துக்கொண்டே காதலித்தவளுக்குப் பையனின் சம்பளம், குணம், பல் எல்லாம் விசாரிக்கத் தோன்றியது. உலோகம் விசாரிக்கத் தோன்றவில்லை. ரஷ்யச் சொல்லைச் சொல்லித் தப்பலாமென்று பார்த்தாள். வார்ப்பிரும்பை ‘சுகூன்’ என்றால் மாமனாரையே கூப்பிடுவதுபோல இருக்கிறதென்று மாமியார் முறைத்தார்.

ஆகவே பட்டறையில் வார்ப்பிரும்பு ‘மாமா’ ஆயிற்று, எஃகு ‘மூத்தார்’ ஆயிற்று. “மூத்தார்ல ரெண்டு கம்பி வெட்டுங்கண்ணே” என்றால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். யாருக்கும் குழப்பமில்லை, அந்த இலையுதிர் காலம் வரை.

நாரின் வட்டார மலைப்பக்கத்தில் அவள் பார்த்துக்கொண்ட, மாமனார் இயக்கிவந்த சிறு நீர்மின் நிலையத்தின் சுழலிச் சக்கரம் மறுபடி விரிசல் விட்டது. பழைய வார்ப்பிரும்புச் சக்கரம். ஒரு விரிசலைப் பற்றவைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று பிறக்கும். அலுவலகக் கிடங்கில் அதே ரகத்தில் இன்னொன்று கிடந்தது. வெறுமனே சக்கரம் என்று கேட்டால் அதைத்தான் தள்ளிவிடுவார்கள். எஃகுச் சக்கரம் பனிக்கு முன் வராவிட்டால் ஊர் குளிர்காலம் முழுக்க இருட்டில் கிடக்கும். உல்ஜான் சமையலறையிலிருந்தே தொலைபேசியில் அழைத்தாள். பக்கத்தில் மாமியார் மாவு பிசைந்துகொண்டிருந்தார். மறுமுனையில், தலைநகரிலேயே வளர்ந்து புதிதாக வந்திருந்த அதிகாரி எசென்.

“அண்ணே, எங்க நிலையத்துல மாமா உள்ளுக்குள்ள விரிசல் விட்டுட்டாரு. இனி ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது. பனிக்கு முன்னாடி மாமாவ எடுத்துட்டு மூத்தாரப் போட்டுக் குடுங்க.”

எசென் குரலைத் தாழ்த்தினார். “ரொம்ப வருஷமா இருக்காரோ?”

“சோவியத் காலத்துலேர்ந்து.”

“மூத்தாரு தாங்குவாரா?”

“அடிச்சாலும் உடைய மாட்டாரு.”

அடுத்த வாரம் எசென் ஜீப்பில் நிலையத்துக்கு வந்தார், சக்கரம் இல்லாமல். வெள்ளைக் கல்பாக் தொப்பியும் பூவேலை செய்த அங்கியும் கொண்டுவந்திருந்தார். நிலையத்தை இயக்கிவந்த சோயுன் கிழவருக்குத் தொப்பியை வைத்து, அங்கியைப் போர்த்தி, ஊருக்கு ஒளி தந்தவர் இனி ஓய்வெடுக்கட்டும் என்று பேசினார். பின்னால் போலோத் கழுத்துப்பட்டையோடு வியர்த்துக்கொண்டிருந்தான். ஊர்ச்சந்தையில் தர்பூசணி விற்பவன். வீட்டில் பல்பு போனால் மனைவியைக் கூப்பிடுபவன். அப்பாவின் இடத்துக்கு அவனுக்குப் பணிநியமனம் தபாலில் வந்திருந்தது.

சோயுன் தொப்பியைத் தொட்டுப்பார்த்தார். “என்னை எடுக்கச் சொன்னது யாரு?”

“உங்க மருமகதான்யா. உள்ளுக்குள்ள விரிசல்னு சொன்னாங்க.”

கிழவர் மருமகளைப் பார்த்தார். உல்ஜான் மறுப்பதற்கு ஒரே ஒரு சொல் போதும், அந்தச் சொல்தான் அவர் பெயர்.

அவள் சுத்தியலை எடுத்தாள். கழற்றி வைத்திருந்த சக்கரத்தில் தட்டினாள்: உடைந்த பானையைத் தட்டியதுபோல ‘தொப்’ என்றது. பக்கத்தில் கிடந்த எஃகுத் தண்டில் தட்டினாள். அது மணிபோல நீளமாக ஒலித்தது.

“இது மாமா பேரு,” என்றாள். “அது மூத்தார் பேரு. நான் கேட்டது சக்கரம்ண்ணே.”

முதலில் புரிந்தது சோயுனுக்குத்தான். சிரித்தார், இருமினார், சிரிப்பு நிற்காமல் அந்தச் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். போலோத் கழுத்துப்பட்டையை அவிழ்த்தான். “நல்லவேளை, தர்பூசணி வண்டிய இன்னும் விக்கல.”

எசென் சிரிக்கவில்லை. “அதெல்லாம் சரி. பொறியாளர் எந்த உலோகம்னு வாய்விட்டுச் சொல்லாம நான் எப்படி உத்தரவு போடறது? சொல்லும்மா.”

உல்ஜான் எஃகுத் தண்டை மறுபடி தட்டினாள்.

“அவ எதுக்குச் சொல்லணும்?” என்றார் கிழவர் சக்கரத்தில் இருந்தபடியே. “என் பேருதானே, நானே சொல்றேன். எழுதிக்கப்பா. சோயுன் வேண்டாம். உள்ளுக்குள்ள போச்சு. போலோத் வேணும். எம்மவன் இல்ல, நல்ல போலோத்.”

“ரொம்ப நன்றிப்பா,” என்றான் போலோத்.

எசென் எழுதினார். பிறகு தயங்கித் தயங்கித் தொப்பியைக் காட்டினார். “அது அலுவலகச் சொத்து, ஐயா...”

“ஊருக்கு ஒளி தந்தவன்னு நீதானே சொன்ன,” என்று கிழவர் அதை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். “அம்மாடி, அத்தைகிட்டச் சொல்லு, போர்சோக் பலகாரம் பொரிக்கட்டும். மாமா இன்னும் உடையலையாம்.”

முதல் பனிக்கு நான்கு நாள் முன்பு உல்ஜான் பழைய வார்ப்பிரும்புச் சக்கரத்தின் இடத்தில் எஃகுச் சக்கரத்தைப் பொருத்தினாள். அந்தக் குளிர்காலத்தில் ஊரில் விளக்கு அணையவில்லை.