வெள்ளைக்கார பாயும் காவிப் பல்லும்

அமானுல்லாவைத் திருப்பூரில் வெள்ளைக்கார பாய் என்றுதான் சொல்வார்கள். ஆள் நல்ல கறுப்பு. பின்னல் மிஷினிலிருந்து பழுப்பாக வரும் கோராத் துணியைப் பிளீச்சிங் தொட்டியில் போட்டுப் பால்போல் வெளுத்துக் கொடுப்பது அவர் வேலை. இருபது வருஷம் மருந்துத் தண்ணீரில் கிடந்ததில் விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போய்விட்டது. கைநாட்டு வைத்தால் வெறும் மை வட்டம்தான் விழும்.

அவருக்கு இரண்டு பழக்கம். புதுத் துணி எதுவானாலும் முதலில் ஒரு சாண் துண்டு வெட்டி முக்கிப் பார்ப்பார். அது சரியாக வந்த பிறகே மற்றது தொட்டியில் இறங்கும். தண்ணீரையும் அப்படித்தான். ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்து, இது துணிக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவார்.

குடியிருந்தது பல்லடம் போகும் வழியில் ஒரு சிற்றூரில். வீட்டில் மனைவி சபுரா பீவி, ஏழு வயது அமீருன்னிசா, எட்டு மாதக் குழந்தை அக்பர். எழுபத்து மூன்றாம் வருஷம் அமீருன்னிசாவுக்குப் பால் பல் விழுந்தது. அரிசிபோல் இருந்த பற்கள். அந்த இடத்தில் முளைத்த முன்பல் இரண்டும் சுண்ணாம்பு தெறித்தது மாதிரி வெள்ளைத் திட்டும், குறுக்கே துருப்பிடித்த கோடுமாக வந்தன.

சபுரா பீவி கரி போட்டுத் தேய்த்தாள். உப்புப் போட்டாள். செங்கல் தூளும் போட்டாள். ஈறு கிழிந்ததுதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ‘காவிப் பல்லி’ என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் கையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் எழுந்து சும்மா நின்றாள். படிப்பு வரவில்லை என்று எண்ணி வாத்தியார் கடைசி வரிசைக்கு அனுப்பினார்.

“ஊருத் துணியெல்லாம் வெளுக்கறீங்க. பெத்த புள்ள பல்லை வெளுக்க முடியலையாக்கும்?” என்றாள் சபுரா பீவி. எரிச்சலில் சொன்னது. அமானுல்லா அதை வேலையாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பட்டறையில், மெல்லிய துணிக்குக் கலக்கும் அளவில் பாதி மருந்து கலந்து ஒரு சீசாவில் ஊற்றிப் பைக்குள் வைத்தார். பழக்கம் விடவில்லை. பல்லுக்கு மாதிரித் துண்டு எங்கே வெட்டுவது? தன் வாயிலேயே பார்த்தார். துணியை நனைத்து முன்பல்லில் அழுத்தித் தேய்த்தார். மதியச் சோறு உண்ண உட்கார்ந்தபோது உதடு வீங்கியிருந்தது. ஈறு வெளுத்துத் தோல் உரிந்தது. கூட வேலை செய்தவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிட்டார்கள்.

அங்கே நர்ஸ் மருதம்மாள். அவருக்கும் இவர் வயதுதான் இருக்கும்.

“என்னத்தைங்க வாயில போட்டீங்க?”

“வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சுங்க.”

“சுண்ணாம்பு பட்டா பிளீச்சிங் வாடை அடிக்குமாக்கும்? பையில என்ன, எடுங்க பாய்.”

சீசா வெளியே வந்தது. விஷயமும் வந்தது. மருதம்மாள் சீசாவைச் சாக்கடையில் கவிழ்த்தார். வாயைக் கழுவி மருந்து தடவிவிட்டு, “நாளைக்கு அந்தப் புள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க” என்றார்.

மறுநாள் அமீருன்னிசாவின் வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், பல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

“குடிக்கத் தண்ணி எங்கீங்க எடுக்கறீங்க?”

“பஞ்சாயத்து அடிகுழாய்ங்க. அறுபத்தேழுல போர் போட்டது. எந்தக் கோடையிலயும் வத்தாதுங்க.”

“தண்ணி எப்படி?”

இது அவருடைய துறை. “துணிக்கு ஆகாதுங்க. ஓசியில குடுத்தாலும் நானெல்லாம் அதைத் தொட்டியில…” என்றவர் மகள் பக்கம் திரும்பினார். மகள் பிறந்த மறுவருஷத்திலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

மருதம்மாள் சொன்னார்: “துணியைக் கெடுக்கறது வேற உப்புங்க, பல்லைக் கெடுக்கறது வேற. ஆழத்துத் தண்ணியில சில ஊர்ல புளோரைடுன்னு ஒண்ணு கூடுதலா இருக்கும். புதுப் பல்லு குழந்தையிலயே ஈறுக்குள்ள உருவாகிட்டிருக்கும். அப்பக் குடிச்ச தண்ணியில இருந்து அதுல ஏறிக்கும்.”

“அப்ப, நூலுலயே ஏறுன சாயம்.”

“அப்படித்தானுங்க.”

“வெளுக்காதுங்களா?”

“வெளுக்காதுங்க. பல்லு உறுதியாத்தான் இருக்குது, கரியும் செங்கல்லும் போடாதீங்க. ஊட்டுல சின்னக் குழந்தை இருக்குதுங்களா?”

“எட்டு மாசப் பையன் இருக்கறானுங்க.”

“அவனைக் கவனியுங்க. அவன் பல்லு இன்னும் உள்ளதான் இருக்குது.”

எந்தத் தண்ணீர் நல்லது என்று எப்படித் தெரியும் என்றார் அமானுல்லா. சோதனைக்கு அனுப்பலாம், பதில் எப்போது வரும் என்று தனக்குத் தெரியாது என்றார் மருதம்மாள். “அதுவரைக்கும், எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்ச புள்ளைகளுக்குப் பல்லு நல்லா முளைச்சிருக்குதுன்னு நீங்களே பாருங்க.”

மாதிரி பார்ப்பது அவருக்குத் தெரிந்த வேலை. லீவு நாளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாய் திறக்கச் சொன்னார். அடிகுழாய் வீதியில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பலருக்கும் அதே திட்டு, அதே கோடு. தங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த குறை என்று ஒவ்வொரு வீடும் மூடி வைத்திருந்தது. அரை மைல் தள்ளி, தோட்டத்துத் திறந்த கிணற்றில் குடிக்கும் வேலாத்தாளின் மூன்று பிள்ளைகளுக்கும் பல் சுத்தமாக இருந்தது.

“ஏனுங்க பாய், சந்தையில மாடு புடிக்கற மாதிரி எம்புள்ளைகளைப் பல்லைப் புடிச்சுப் பார்க்கறீங்க?” என்று சிரித்தாள் வேலாத்தாள்.

அவர் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. “எங்க கிணறு மாசியிலயே தரை தட்டிருமுங்க. தெனமும் ஒரு குடம் எடுத்துக்குங்க. அதுக்கு மேல கேக்காதீங்க.”

அமானுல்லா விடியும்போதே பட்டறைக்குச் சைக்கிள் ஏறிவிடுவார். சபுரா பீவி இடுப்பில் குழந்தை. ஆகவே குடம் அமீருன்னிசாவுக்கு வந்தது. அந்த ஒரு குடம் அக்பருக்குக் குடிக்கவும், அவன் கஞ்சிக்கும் சரியாக இருந்தது. மற்றவர்கள் அடிகுழாய்த் தண்ணீரையே குடித்தார்கள். கொதிக்க வைத்தால் போதாதா என்று சபுரா பீவி ஒரு கோடையில் கேட்டாள். அது கொதித்தால் போகிறதில்லை என்று அவர் மருதம்மாளிடம் கேட்டு வந்து சொன்னார், குடம் தொடர்ந்தது. வீதியில் பலருக்கும் அதே பல் என்று தெரிந்த பிறகும், பள்ளிக்கூடத்தில் அமீருன்னிசா கையை எடுத்துவிட்டுப் படிக்க இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.

எழுபத்தொன்பதின் கடைசியில் அக்பருக்கு மேல்வரிசை முன்பல் முளைத்தது. அமானுல்லா அவன் தாடையைப் பிடித்து, துணியைப் பார்ப்பதுபோல் வெயிலில் திருப்பினார்.

சபுரா பீவி பதறினாள். “மஞ்சளா இருக்குதுங்களே!”

“பால் பல்லுக்குப் பக்கத்துல புதுப் பல்லு எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். திட்டு இல்லை, கோடு இல்லை. நல்ல பல்லு.”

அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்த அமீருன்னிசா எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று வயது.

“ஆறு வருசமாக் குடம் தூக்குனது நானு. பல்லு மட்டும் இவனுக்கா, அத்தா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு கை இடுப்புக் குடத்தில் இருந்தது. இன்னொரு கை சும்மாத்தான் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. கோடும் திட்டும் அப்படியே வெயிலில் தெரிந்தன. அமானுல்லா மகனின் தாடையை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

“எறக்கி வை, கண்ணு,” என்றார். “நாளையில இருந்து அவன் தூக்கட்டும்.”