டூர் போகாதவளுக்கு டிகிரி இல்லை

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பி.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்த வருடம் பார்த்துத்தான் எங்கள் சர்வகலாசாலைக்குப் பட்டப்படிப்பையெல்லாம் புதுப்பிக்க வேண்டும் என்று தோன்றியது. அதுவரை எங்கள் கல்லூரியில் படிப்பு என்பது வம்சச் சொத்து. சீனியர் அக்காமார் தங்கள் நோட்ஸைத் தருவார்கள். அவர்களுக்கு அவர்களுடைய சீனியர் தந்திருப்பார்கள். கேள்வித்தாளும் பெரிதாக மாறாது. நானும் முதல் வாரமே ஓர் அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கட்டு நோட்ஸ் வாங்கி வைத்திருந்தேன். புதுத் திட்டம் வந்ததும் அது எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்புக்குத்தான் உதவியது.

பழைய திட்டத்தில் இருந்த பாதிப் பாடங்கள் போயின, கேள்விப்படாத பாதிப் பாடங்கள் வந்தன. புத்தகம் வரவில்லை. எங்களை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். இலையில் என்ன விழும் என்று பரிமாறுகிறவர்களுக்கே தெரியாது. டீச்சர்மாரும் எங்களோடு சேர்ந்து புதிதாகப் படித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். எப்படியோ இரண்டு வருடத்தைத் தள்ளிவிட்டோம்.

மூன்றாம் வருடம்தான் வினை வந்தது. தாவரவியல் டீச்சர் ஒரு நாள் வகுப்பில் புது விதியை வாசித்தார். கடைசி வருட மாணவர்கள் மலைத்தோட்டப் பயிர் ஒன்றை நேரில் போய்ப் பார்த்து, அங்கேயே தங்கி, அதைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். டீச்சர் ஒற்றப்பாலத்துக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசுவார், அது பாதி வழியில் மலையாளத்துக்குத் திரும்பிவிடும்.

"இது இப்போ நிர்பந்தமாக்கும். டூர் போகாத குட்டிக்குப் பிராக்டிக்கல் இல்லா. பிராக்டிக்கல் இல்லாத குட்டிக்கு டிகிரியும் இல்லா."

நிர்பந்தம் என்றால் கட்டாயம், குட்டி என்றால் பிள்ளை. சாந்தன்பாறையில் ஓர் ஏலத்தோட்டத்தில் ஏற்பாடும் செய்துவிட்டார். பையன்கள் தோட்டத்துக் கிளப்பில் தங்குவது, டீச்சரும் பெண்களும் அங்கே பெரிய கிளார்க்காக இருந்தவரின் வீட்டில் தங்குவது. மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

காரணம் என் அப்பா. எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. கடலைக்காடு, கொஞ்சம் தென்னந்தோப்பு, மாடுகள். எங்கள் வகையறாவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்ற ஒரே காரணத்தால்தான் அப்பா சம்மதித்திருந்தார். இராத்தங்கும் படிப்பு என்று ஒன்று உண்டென்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அப்பா கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அப்படீன்னா இத்தோட நிறுத்திக்கலாம் அம்மிணி. ரெண்டு வருசம் படிச்சது பத்தாதா?"

"ஏனுங்கப்பா, மூணாவது வருசம் முடிக்காட்டி அந்த ரெண்டு வருசமும் வெறுந்தாளுங்க."

"வெறுந்தாளுன்னா இருந்துட்டுப் போகுது."

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அன்று எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவில் விழுந்த நெளிவு இன்றும் இருக்கிறது. சர்வகலாசாலை மேல் கோபம், அப்பா மேல் கோபம், ஏலக்காய் மேல்கூடக் கோபம். எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து விதி எழுதியவருக்கு ஒரு பெண் பிள்ளையாவது இருக்குமா என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அத்தைதான் குறுக்கே வந்தாள். அப்பாவின் தங்கை, பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். ஊரில் அப்பாவை எதிர்த்துப் பேசும் ஒரே ஆள். "ஏனுங்ணா, பாக்காமயே வேண்டாங்கறது மொறையா? போயி அந்த ஊட்டைப் பாருங்க. நல்லா இல்லீன்னா அப்பறம் வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். அப்பா தலையாட்டினார். அவர் மனதில் இருந்தது அந்த 'அப்பறம்' மட்டும்தான் என்பது எனக்குத் தெரிந்தது. மலை வரை போய் ஏதாவது ஒரு குறையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் முறை உண்டு. தெரியாத வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. மூன்று பேராகவும் போகக்கூடாது, நான்காகவும் கூடாது. அதனால் அப்பா, அத்தை, மாமா, சித்தப்பா, தோட்டத்துப் பக்கத்துக்காரர் ஒருவர் என்று ஐந்து பேர் சலவை வேட்டி, பட்டுக்கரைச் சேலையில் கிளம்பினார்கள். தோப்புத் தேங்காய், பூவன் பழம், வெற்றிலை பாக்கு, ஒரு பை வறுத்த கடலை. பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி, போடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் ஜீப்பில் போடிமெட்டு ஏறிச் சாந்தன்பாறை போய்ச் சேர்ந்தார்கள். இதற்கு மேல் நடந்தது அத்தை பிற்பாடு மாட்டுக் கொட்டகையில் வைத்து எனக்குச் சொன்னது. அவள் சொன்ன சுவையில் பாதிகூட எனக்கு வராது.

கிளார்க்கின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தது. அவர் மனைவி ஒரு வருடமாகத் தன் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். மகன் அதே தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. திடீரென்று வாசலில் ஐந்து பேர், சலவை வேட்டி, கையில் தேங்காய் பழம் வெற்றிலை. அந்த அம்மாள் வேறென்ன நினைப்பார்? பழம் நழுவிப் பாலில் விழுந்ததாகவே நினைத்துவிட்டார். மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வீட்டார் வந்துவிட்டார்கள்.

"வாங்க வாங்க, இம்புட்டுத் தூரம் மலையேறி வந்திருக்கீகளே" என்று பாய் விரித்தார். அடுப்பில் கேசரி ஏறியது. ஸ்டோருக்கு ஆள் போய், மகன் முகம் கழுவிப் பவுடர் பூசி வந்து நின்றான். அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். காலேஜ் பெண்கள் தங்குவதற்கு இத்தனை உபசாரமா என்று. வந்த காரியத்தை எடுத்த எடுப்பில் சொல்வது எங்களில் மரியாதை இல்லை. வாய் நனைந்த பிறகுதான் பேச்சு. பெண் வீட்டார்தான் முதலில் பேச வேண்டும் என்று அந்தப் பக்கமும் காத்திருந்தது. அதனால் இரண்டு பக்கமும் மழையைப் பற்றி மட்டும் வெகுநேரம் பேசின.

இதற்குள் அத்தை உள்ளே போய் அறைக்கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், குளியலறையை எட்டிப் பார்த்தாள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தாள். அந்த அம்மாள் தவறாக நினைக்கவில்லை. பெண் வாழப்போகிற வீட்டைப் பார்க்கத்தானே செய்வார்கள்.

கேசரி வந்ததும் அம்மாள் கேட்டார்: "பிள்ளை என்ன படிச்சிருக்கு?"

"பி.எஸ்ஸி. கடைசி வருசமுங்க."

"அதுக்கென்ன, இப்பமே நிப்பாட்டிருங்களேன். எங்க வீட்டுக்கு வாற பிள்ளைக்கு டிகிரி எதுக்கு? மேல படிச்சு என்ன செய்யப் போறா?"

பத்து நாளாக வீட்டில் அப்பா சொல்லிக்கொண்டிருந்ததும் இதேதான். ஆனால் வேறொருவர் வாயிலிருந்து வந்ததும் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"அதெப்படிங்க நிறுத்தறது? மூணாவது வருசம் முடிக்காட்டி முன்னாடி படிச்ச ரெண்டு வருசமும் வெறுந்தாளுங்க. என்ற புள்ள விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு பஸ்ஸேறிப் படிக்குதுங்க. சர்வகலாசாலையே சட்டம் போட்டிருக்குது, ஏலத்தோட்டத்தப் பாத்தாத்தான் டிகிரின்னு. அதுக்குத்தானுங்க ஊடு பாக்க வந்தம். நீங்க நிறுத்தச் சொல்றீங்களே!"

பவுடர் பூசிய மகன் மெல்லப் பின்வாசல் வழியாக ஸ்டோரைப் பார்த்து நடந்துவிட்டான். முதலில் சிரித்தவள் அத்தை. பிறகு கிளார்க், "டீச்சரம்மா சொன்ன காலேஜ் பிள்ளைகளா?" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அந்த அம்மாளுக்குத்தான் முகம் கொஞ்சம் வாடிப்போனது. ஆனாலும் பெரிய மனசு. "இருக்கட்டும், கேசரியச் சாப்பிடுங்க. பிள்ளைகள நம்பி அனுப்புங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

ஊர் திரும்பிய அப்பா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஊடு பரவால்ல. அட்டை கடிக்குது. உப்பும் போயிலையும் பொட்டணம் கட்டி எடுத்துக்க."

அத்தை கொட்டகையில் முழுக்கதையையும் சொன்னபோது, அந்த 'வெறுந்தாள்' வந்த இடத்தில் நான் சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை என்று நினைத்திருந்தேன். மலையேறும் வரை அதைச் சுமந்துகொண்டு போயிருக்கிறார்.

டூர் போனேன். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்க்கும் என்று நினைத்திருந்தேன். அது அடியில், தரையோடு தரையாகப் படர்ந்த சரத்தில் காய்க்கிறது. காலையில் மூடுபனியில் முன்னால் போகிறவளின் பின்னல் தெரியாது. அந்த அம்மாள் தினமும் எனக்கு மட்டும் ஒரு கரண்டி கேசரி கூடுதலாக வைத்தார். மகன் நாங்கள் இருந்த நாளெல்லாம் சாப்பாட்டை ஸ்டோருக்கே வரவழைத்துக்கொண்டான், பாவம். பரீட்சை எழுதினேன், தேறினேன், டிகிரி வாங்கினேன்.

மூன்று வருடம் கழித்து என் தங்கை அதே வகுப்பில் கடைசி வருடம். சர்வகலாசாலைக்கு மறுபடியும் புதுப்பிக்கத் தோன்றியிருந்தது. எல்லாக் கல்லூரிகளாலும் முடியவில்லை என்று டூரை எடுத்துவிட்டார்கள். சோறு தின்றுகொண்டிருந்த அப்பாவிடம் தங்கை அதைச் சொன்னாள். மறுநாள் அவர் சலவை வேட்டி கட்டி, ஒரு சீப்புப் பூவன் பழத்தோடு காலை பஸ்ஸில் அவளுடனேயே ஏறினார். லீவில் வீட்டுக்கு வந்திருந்த நானும் கூடப் போனேன், என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க.

டீச்சர் பழத்தை வாங்கிக்கொண்டு சிரித்தார். "பேடிக்கண்டா, பயம் வேண்டா, டூர் இப்போ நிர்பந்தம் இல்லா. போகாட்டியும் டிகிரி கிட்டும்."

அப்பா உட்காரவில்லை. "நிர்பந்தம் இல்லாட்டி இருந்துட்டுப் போகுதுங்க. பெரிய புள்ள பாத்தத சின்னதும் பாக்கோணும். நீங்க கூட்டிட்டுப் போங்க. ஊடு நாங்க முன்னமே பாத்தாச்சுங்க."